செவலையைத் தொட்ட நாள்

வயல் எலிகளிடமிருந்து பரவிய காய்ச்சலில் ஆடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்த பிறகு, சீனியம்மாளின் ஆடுகள் கண்ணாடிக் கொட்டகைக்குள்ளேயே வளர்ந்தன. மனிதர் கையிலும் உடுப்பிலும் கிருமி ஒட்டிவரும் என்பதால் தீனி வைப்பதுகூட இயந்திரம்தான். செவலைக்குட்டி பிறந்ததிலிருந்து அவள் அதைக் கண்ணாடிக்கு வெளியே நின்றே கொஞ்சினாள்.

எப்படியோ ஒரு எலி உள்ளே புகுந்துவிட்டது. செவலை தள்ளாடி விழுந்தது. மருத்துவர் அதை வெளியே தூக்கிவந்தார்.

“பொழைக்காதும்மா. மனுசங்களுக்கு ஒட்டாது. இனி நீங்க தொடலாம்.”

சீனியம்மாள் அதை மடியில் போட்டுக்கொண்டாள். ஆட்டுக்குட்டியின் சூடு உடம்பில் பட்டு எத்தனை வருஷம்! செவலை அவள் விரலைச் சப்பியது.

“சீக்கு வந்தாத்தான் எங்கிட்ட வருவியா, தாயி?”

அழுதாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.