நலம் விசாரிப்பு

“இல்ல மாமா.”

மகன் அப்படித்தான் சொன்னான். மைதானத்து வேப்பமரத்தடியில், பத்துப் பேர் நடந்துபோகும் பாதையில், காலை வெயில் முகத்தில் விழ நின்றுகொண்டு.

பக்கத்தில் நடந்துவந்த அப்பாவுக்கு நடை நின்றுவிட்டது.

ஆவுடையப்பன் கேட்டது கேள்வியே இல்லை. எதிரே வருகிறவரைப் பார்த்து “சொகமா இருக்கீயளா” என்பது திருநெல்வேலிப் பக்கத்தில் கும்பிடு போடுவதைப் போன்றது. கேட்டவர் பதிலுக்காக நிற்பதில்லை. சாகக் கிடக்கிறவன்கூட “சொகந்தான்” என்பான். சொல்லிவிட்டுச் சாவான்.

இவன் பதில் சொல்லிவிட்டான்.

கடந்துபோயிருந்த ஆவுடையப்பன் திரும்பி வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

ஆவுடையப்பனின் அண்ணன் மகனுக்குத்தான் கோமதியைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கோமதி இவனுடைய தங்கை. ஜாதகம் பொருந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுப் பெண்கள் வருவதாக ஏற்பாடு.

மகன் இன்னும் பேசி முடிக்கவில்லை.

பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து அறைக்குள் படுத்த நாளிலிருந்து, அவனுக்கு வார்த்தை அப்படித்தான் வருகிறது. கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவுவது மாதிரி, உள்ளே வெகுநேரம் துழாவவேண்டும்.

“மனசு சரியில்ல மாமா. மதுரைல டாக்டர்ட்ட பாக்கேன். மாத்திர சாப்பிடுதேன்.”

முழு வாக்கியங்கள். இத்தனை மாதமாக வீட்டில் பெற்றவளுக்குக்கூடக் கிடைக்காதவை.

உள்ளூரில் யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் மதுரை. போய்வரும் ஒவ்வொரு தடவையும் அப்பா மீனாட்சி கோயில் குங்குமம் வாங்கிவந்து தெருவில் கொடுத்தார். வேண்டுதல் என்றார். பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டிய வீடு. இதில் பிழை சொல்ல எதுவுமில்லை.

மாத்திரை மட்டும் போதாது என்று அங்கே ஆலோசகர் பெண் சொன்னாள். தினமும் ஒரே நேரத்தில் எழுப்பச் சொன்னாள். வெயிலில் நடக்கவைக்கச் சொன்னாள். வீட்டுக்கு வெளியே ஒரு மனிதரிடமாவது மனதில் உள்ளதை உள்ளபடி அவன் வாயால் சொல்லிவிட்டால், பாதி பாரம் இறங்கிய மாதிரி என்றாள். அதை மட்டும் அவசரப்படுத்த வேண்டாம், அவனாகச் சொல்லவேண்டும் என்றாள்.

எழுப்பியது அவர்தான். கேன்வாஸ் ஷூ வாங்கியதும், அதன் நாடாவைக் குனிந்து கட்டிவிட்டதும் அவர்தான். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்; எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டவரில்லை. தலை குனிந்து நடக்கிற மகனுக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். விசாரித்தவர்களிடமெல்லாம், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறான் என்றார்.

அவனாகச் சொல்லிவிட்டான்.

அந்த ஒரு மனிதர் ஆவுடையப்பனாகவா இருக்கவேண்டும்.

தாசில்தார் மகனைப் பார்த்தார். முகம் நிமிர்ந்திருந்தது. கண் ஆவுடையப்பனை விட்டு அகலவில்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்தவன் பரிமாறுகிறவனைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

தன் வம்சத்தில் ஒருவன் நடுவழியில் நின்று இன்னொரு வீட்டுக்காரனை அப்படிப் பார்த்ததாக அவர் அறிந்ததில்லை.

ஆவுடையப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒரு கை மகனின் தோளை நோக்கி உயர்ந்தது.

நல்ல மனிதர்தான். என்ன சொல்லியிருப்பாரோ.

அதற்குள் தாசில்தார் சிரித்துவிட்டார்.

பெரிய சிரிப்பு. கலெக்டர்கள் முன்னால் சிரித்துப் பழகிய சிரிப்பு. மகனின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு.

“இவன் சொல்லுதத நம்பாதீரும் வே. கம்பெனில லீவு கேக்கதுக்கு இப்பிடி ஒரு கத கட்டி வச்சிருக்கான். நம்மகிட்ட ஒத்திக பாக்கான்.”

ஆவுடையப்பனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. உயர்ந்த கை இறங்கித் துண்டைப் பிடித்துக்கொண்டது.

“நாங்கூட பதறிட்டேன் அண்ணாச்சி. எய்யா மருமவனே, நீ கம்பெனிக்குப் போனதுக்கு நாடகத்துக்குப் போயிருக்கலாம்.”

மகன் அப்பாவைப் பார்த்தான்.

வெகுநேரமெல்லாம் இல்லை.

கண்ணில் கோபம் இருந்தால் தாங்கியிருக்கலாம். கோபம் இல்லை. கணக்கு விளங்காமல் கையைப் பிசைந்துகொண்டிருந்த பையனுக்குச் சட்டென்று விளங்கிவிட்டால் வருமே, அந்தத் தெளிவு.

பிறகு அவனும் சிரித்தான். பல் தெரிய, அளவாக, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி.

ஆவுடையப்பன் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைத் தாமாகவே எடுத்தார். மாப்பிள்ளைக்கு இந்தக் கலகலப்பான மைத்துனன் ரொம்பப் பிடித்துப்போகும் என்றார். இன்னும் இரண்டு சுற்று பாக்கி என்று சொல்லி, கும்பிட்டுவிட்டு நடந்தார்.

கோமதி காரியத்துக்கு இனி ஒரு குறைவும் இல்லை.

திரும்பும் வழியில் மகன் அவருக்குச் சமமாக நடந்தான். தலை குனியவே இல்லை. தெருமுனையில் பேசிப்பார்க்கலாம் என்று தாசில்தாருக்கு ஒரு நினைப்பு வந்தது. தெருமுனை வந்து போய்விட்டது.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். தினமும் நிற்பாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். எதுவும் கேட்கமாட்டாள்.

“இன்னைக்கு சிரிச்சான்” என்றார்.

அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. மகனின் கன்னத்தைத் தொட்டு, நிஜமாகவா என்று கேட்டாள்.

அவன் அவளுக்கும் ஒருமுறை சிரித்துக் காட்டினான்.