மாடி லைட்

"அக்கா, மாடி லைட்டைக் கொஞ்சம் அணைச்சு வைக்கிறீங்களா? வானத்துல எங்கேயோ ஒரு நட்சத்திரம் வெடிச்சு, காமா கதிர் வெடிப்புன்னு அலர்ட் வந்திருக்கு. அதோட மிச்ச வெளிச்சம் மங்குறதுக்குள்ள டெலஸ்கோப்புல பிடிக்கணும்."

கேட்கவே ஆன்சிக்குக் கூச்சமாக இருந்தது. எதிர்வீட்டு மரியம்மாள் தயங்கினார். "அவரு வாக்கிங் போயிருக்காரு, டீச்சர்..."

ஆன்சி அதைக் காதில் வாங்காததுபோல் இருந்துவிட்டாள். "அரை மணி நேரந்தான்க்கா. முடிஞ்சதும் போன் பண்றேன்."

விளக்கு அணைந்தது. அரை மணி ஒன்றரை மணியானது. படத்துக்குப் படம் மங்கிக்கொண்டே போன அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்த பிறகுதான் போன் ஞாபகமே வந்தது. எதிர்வீட்டுக்கே ஓடினாள்.

மரியம்மாள் டார்ச்சோடு தெருமுனையில் நின்றிருந்தார்.

"உங்க போனுக்குத்தான் காத்திருந்தேன், டீச்சர். அவருக்கு இப்பல்லாம் வீடு மறந்துபோகுது. அந்த லைட்டைப் பாத்துத்தான் வந்து சேருவாரு."