மூணாம் நம்பர் செட்

"புதுசும் வேண்டாம், ரிப்பேரும் வேண்டாம். அடுத்த விஷயத்துக்குப் போலாம்" என்றார் ஜம்பு மாமா.

மீனாக்ஷிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோயில் கமிட்டியில் அவள் சேர்ந்து ரெண்டே மாதம். ஜம்பு மாமாவோ பதினைந்து வருஷமாகப் பொருளாளர். மனுஷர் லேசில் காசை அவிழ்க்கிற ஆசாமி இல்லை என்பது ஊரறிந்த விஷயம்.

சமாசாரம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்துக்கு மூன்று வாக்கி-டாக்கி வைத்திருந்தார்கள். சமையல்கட்டில் ஒன்று, பந்தி நடக்கிற ஹாலில் ஜம்பு மாமாவிடம் ஒன்று, வாசல் கேட்டில் ராமசுப்ரமணியன் மாமாவிடம் ஒன்று. பந்தி எழுந்ததும் ஜம்பு மாமா செட்டில் குரல் கொடுப்பார். வாசலில் நிற்கிற க்யூவிலிருந்து அடுத்த நூறு பேரை ராமசுப்ரமணியன் மாமா உள்ளே விடுவார்.

அவர் கையில் இருந்த மூணாம் நம்பர் செட்டில் மைக் செத்து ஒரு வருஷம் ஆகிறது. மற்றவர்கள் பேசுவது கேட்கும், பதில் பேச முடியாது. பட்டனை அமுக்கினால் மற்ற செட்டுகளில் 'கிர்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ரெண்டு தரம் 'கிர் கிர்' என்றால் ஆட்களை அனுப்பியாச்சு என்று அர்த்தம்.

"பாவம் மாமா அவர்! உதவாத செட்டை அவர் தலையில கட்டிட்டேளே?" என்றாள் மீனாக்ஷி.

"அவர் உன்கிட்ட வந்து புகார் சொன்னாரா?"

எங்கே சொல்வார்! ஒரு கும்பிடு, ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். அதற்கு மேல் அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. அப்படி ஒரு சாது.

'இருக்கட்டும், பார்த்துக்கறேன்' என்று கறுவிக்கொண்டாள் மீனாக்ஷி. சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் செட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மெட்ரோ ஏறிக் கரோல் பாக் போய்விட்டாள்.

ரிப்பேர்க் கடைக்காரர் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினார். உற்றுப் பார்த்தார். சிரித்தார்.

"மேடம்ஜி, இது கெட்டுப் போகலை. மைக் ஒயரை யாரோ கத்தரிச்சிருக்காங்க" என்றார் ஹிந்தியில்.

மீனாக்ஷிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

யார் செய்திருப்பார்கள்? ரிப்பேர் வேண்டாம் என்று குதித்தவர் ஒருத்தர்தானே! ரெண்டு பேரும் ஒரே ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்கள். ராமசுப்ரமணியன் மாமா பெரிய ஆபீஸர், ஜம்பு மாமா கடைசிவரை அவருக்குக் கீழே. அந்தப் புகைச்சலை இப்போது தீர்த்துக்கொள்கிறாரா? சீச்சீ, இப்படியும் ஒரு மனுஷரா!

கடைக்காரர் ஒயரைப் பற்ற வைத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை முதல் காரியமாகக் கேட்டுக்குப் போனாள்.

"மாமா, சரி பண்ணிட்டேன்! இனிமே நீங்களும் தாராளமா பேசலாம்."

ராமசுப்ரமணியன் மாமாவின் சிரிப்பு சட்டென்று நின்றுபோனது. செட்டைத் தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டார்.

"அடுத்த பந்தி" என்றது ஜம்பு மாமாவின் குரல்.

"பேசுங்கோ மாமா, பட்டனை அமுக்கிண்டு பேசுங்கோ" என்று பக்கத்திலேயே நின்று அவசரப்படுத்தினாள் மீனாக்ஷி.

அமுக்கினார். "அ... அன்... னுப்... பி..." நாக்கு புரளவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணியது.

"யாருப்பா அது? காலங்கார்த்தால தண்ணி ஏத்திண்டு வந்துட்டானா?" என்றது சமையல்கட்டு செட். கூடவே நாலு பேர் சிரிக்கிற சத்தம்.

"செட் மக்கர் பண்றது! யாரும் பேசாதீங்கோ!" என்று கத்தினார் ஜம்பு மாமா.

ராமசுப்ரமணியன் மாமா செட்டை ஸ்டூலில் வைத்தார். இடது காலை மெல்ல இழுத்துக்கொண்டு, செருப்பு விட்ட இடத்தைப் பார்க்க நடந்தார்.

ஜம்பு மாமா மூச்சிரைக்க ஓடி வந்தார். "என்ன காரியம்டீ பண்ணிட்டே! அவருக்கு ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருஷமாறது. காலு வந்துது, பேச்சு வரலை. அப்பவும் இப்படித்தான் யாரோ சிரிச்சான். ஆறு மாசம் ஆத்தை விட்டு வெளியிலயே வரலை."

"மாமா..."

"நான்தான் ஒயரைக் கத்தரிச்சேன். 'மைக் போயிடுத்து, பட்டனை மட்டும் அமுக்கினா போறும், வாங்கோ'ன்னு கூட்டிண்டு வந்தேன். செட்டுலதான் கோளாறுன்னு எல்லாரும் நினைச்சுண்டா. அவருக்கே இது தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டார்."

மீனாக்ஷிக்குக் கண் நிறைந்துவிட்டது. யாரைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டாள்!

"ஸ்க்ரூ டிரைவர் இருக்கா மாமா?"

ஜம்பு மாமாவின் சட்டைப் பையிலேயே இருந்தது. பூ கட்டுகிற மாமியிடமிருந்து கத்தரிக்கோலை வாங்கி வந்தாள். ஒரே வெட்டு. மூடி ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டு ஓடினாள்.

ராமசுப்ரமணியன் மாமா ஒரு செருப்பைத்தான் மாட்டியிருந்தார்.

"மாமா, அந்தக் கரோல் பாக்காரன் என்னை நன்னா ஏமாத்திட்டான். மறுபடியும் மைக் போயிடுத்து. பட்டன் மட்டும்தான் வேலை செய்யறது. அங்க நூறு பேர் பசியோட நிக்கறா, நீங்க வராட்டா எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். செட்டைப் பார்த்தார். பிறகு அவள் கையில் இருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார். அவசரத்தில் அதை வைத்துவிட்டு வர மறந்திருந்தாள், அசடு!

செட்டை வாங்கி ரெண்டு தரம் அமுக்கினார். 'கிர் கிர்.' அதற்குள் ஹால் வாசலுக்குத் திரும்பியிருந்த ஜம்பு மாமாவின் முகம் தூரத்திலேயே மலர்ந்தது.

ராமசுப்ரமணியன் மாமா மீனாக்ஷியின் பக்கம் குனிந்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்துச் சொன்னார்.

"எ... எனக்கு... முத... லேயே... தெரி... யும். ஜம்பு... கிட்ட... சொல்... லாதே. பா... வம்."