பஸ் ஸ்டாண்டில் நின்ற ஃபயர்வால்

புது மோடம் மாட்டிய அன்று, "இது வீடா, பொது இடமா?" என்று கணினி கேட்டது. ஜெசிந்தா அவசரத்தில் படித்துக்கூடப் பார்க்காமல் "பொது இடம்" என்பதை அழுத்திவிட்டாள். அன்றிலிருந்து, கணினிக்குக் காவல் இருந்த ஃபயர்வால் தான் ஏதோ பஸ் ஸ்டாண்டில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் ஹாலில் கூடினார்கள். அவர்களுக்குக் காட்ட, கணினியில் இருந்த கல்யாண வீடியோவை வைஃபை வழியாக டிவி கேட்டது.

"யாரு நீ?" என்றது ஃபயர்வால்.

"இந்த வீட்டு டிவி."

"இங்க வர்றவன் எல்லாம் இப்படித்தான் சொல்றான். தள்ளிப் போ!"

"போக மாட்டேன். உங்கிட்ட கெஞ்சவும் மாட்டேன். வீடியோவைக் கொடு."

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "இந்த டிவியை எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டு வேற வாங்கும்மா," என்றார் பெரியப்பா.

அது டிவியின் காதிலும் விழுந்தது. ஆனாலும் மறுபடி கேட்டது. ஃபயர்வால் விரட்டியது. டிவி மறுபடியும் கேட்டது.

ஜெசிந்தா கணினி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துழாவினாள். கடைசியில் அந்தப் "பொது இடம்" கண்ணில் பட்டது. தலையில் அடித்துக்கொண்டு அதை "வீடு" என்று மாற்றினாள்.

ஃபயர்வால் சுற்றுமுற்றும் பார்த்தது. சட்டென்று குரல் குழைந்தது.

"அடடே, நீயா! வா, வா. இது நம்ம வீடுப்பா!"

"இது வீடுன்னு எனக்கு எப்பவோ தெரியும்," என்றது டிவி. "நீதான் இன்னைக்கு வந்து சேர்ந்திருக்க. வழியை விடு."