முதலாளியின் வலி வளையம்

நசுங்கிய வலது கையோடு இருதயராஜ் மறுபடி பிரஸ் பட்டறைக்குள் நுழைந்தான். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அமுக்கினால்தான் மெஷின் இறங்கும். வேலை வேகமாக ஓடட்டும் என்று ஒரு பொத்தானை ரப்பரால் இழுத்துக் கட்டச் சொன்னவர் முதலாளிதான்; அப்படித்தான் கை உள்ளே சிக்கியது. தொழிலாளியின் காயம் ஆறும்வரை, அவனுக்கு வலிக்கும்போதெல்லாம் அதே வலியைத் தரும் வளையத்தை முதலாளியும் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது இப்போது சட்டம்.

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேண்டுமென்றே வலது கையால் தகட்டைத் தூக்கினான். உயிரே போய் வந்தது. ‘அனுபவிக்கட்டும்’ என்று மறுபடி தூக்கினான். கண்ணாடி அறைக்குள் முதலாளி சிரித்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பின்னால் துடைப்பம் விழுந்தது. பட்டறை கூட்டும் சின்னப்பொண்ணு அக்கா வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். மணிக்கட்டில் வளையம்.

“அக்கா! இதை நீ எதுக்கு மாட்டிக்கிட்ட?”

“தனிச் சம்பளம் தர்றாரு தம்பி.”

“ஐயோ, தெரியாமப் பண்ணிட்டேன். இனிமே இந்தக் கையால ஒண்ணும் தூக்கமாட்டேன்க்கா. சீக்கிரம் ஆறிடும்.”

“அடப்பாவி, சீக்கிரம் ஆறவிட்டுடாதே!” என்று பதறினாள் அவள். “என் மகளுக்கு இன்னும் ஒரு வருசப் படிப்பு பாக்கி இருக்கு.”