நாற்பத்திரண்டாம் இலக்கச் சப்பாத்து

"கழட்டுங்கோ," என்றார் சரோஜினிதேவி.

பாலேந்திரா கழற்றினார். இது நான்காவது சோடி.

"எனக்கு இது நல்லாத்தானே இருக்கு, சரோ."

"முதல் சோடிக்கும் அப்பிடித்தான் சொன்னீங்கள். மற்ற ரெண்டுக்கும் அப்பிடித்தான். உங்களைக் கேட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

துவாரகா பெட்டியை மூடினாள். டென்மார்க்கின் ஸ்கீவ நகரில், வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் வேண்டிய சாமான்கள் விற்கும் அந்தக் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து இது மூன்றாவது மாரிப் பனிக்காலம். மனைவியோடு சப்பாத்து வாங்க வரும் ஆண்கள் பலரைக் கண்டிருக்கிறாள். இப்படி ஒரு மனைவியை இன்றுதான் காண்கிறாள்.

"எவ்வளவு நேரம் நிப்பீங்கள், அங்கிள்?"

"நாலு மணித்தியாலம்," என்று சரோஜினிதேவியே பதில் சொன்னார். "கடற்கரையில. அசையாமல்."

"சனிக்கிழமை ஹென்னிங்கோட மீன்பிடிக்கப் போறன்," என்றார் பாலேந்திரா. "என்னோட பக்டரியில வேலை செய்தவன். ரெண்டு மாரியாக் கூப்பிடுறான். மனிசி விடேல்லை."

"ஓம், நான்தான் விடேல்லை," என்றார் சரோஜினிதேவி, நிமிர்ந்து பார்க்காமலே.

துவாரகா அடுத்த பெட்டியை இறக்கினாள்.

"ஒரு இடத்தில நிண்டா குளிர் நிலத்திலயிருந்துதான் ஏறும். அடி தடிப்பா இருக்கவேணும். உங்கட அளவுக்கு ஒரு இலக்கம் கூட எடுங்கோ, கம்பளி சொக்ஸ் போட்டாலும் விரல் அசைய இடம் இருக்கும்."

"நான் இறுக்கமா இருந்தாத்தான் குளிர் போகாதெண்டு இவ்வளவு நாளும் நினைச்சன்," என்றார் பாலேந்திரா. "முப்பது வருசம் இந்த நாட்டில இருந்து என்ன பிரயோசனம். அப்ப நாப்பத்திரண்டைத் தாரும்."

உள்ளே கம்பளி வைத்த பச்சை றப்பர் சப்பாத்து. அவர் கையை நீட்டுமுன் சரோஜினிதேவி வாங்கிக்கொண்டார். முழங்கைவரை உள்ளே விட்டுத் தடவினார். பிறகு வாங்கில் உட்கார்ந்து, தன் சப்பாத்தைக் கழற்றி, அவருக்கென்று பையில் கொண்டுவந்த கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டு, அந்தப் பச்சைச் சப்பாத்துக்குள் காலை விட்டார்.

"அன்ரி, அது ஆம்பிளையளின்ர."

"எனக்கும் நாப்பத்தொண்டுதான், பிள்ளை."

"பத்துப் பொருத்தமும் பாத்துக் கட்டிவைச்சவை," என்றார் பாலேந்திரா. "இதை மட்டும் ஒருத்தரும் பாக்கேல்லை."

துவாரகா சிரித்துவிட்டாள். சரோஜினிதேவி சிரிக்கவில்லை.

"இதோட வெளியில கொஞ்சம் நிண்டு பாக்கலாமோ?"

"வெளியில மைனஸ் ஆறு, அன்ரி."

"தெரியும்," என்று அவர் கதவைத் திறந்துகொண்டு போனார். கார்கள் நிற்கும் இடத்தின் ஓரத்தில், வழித்து ஒதுக்கிய பனியின் மேல் ஏறி நின்றார்.

கணவர் வெறும் காலுறையோடு வாங்கில் இருந்தார்.

"பாவம் மனிதர்," என்று காசு வாங்கும் மேசையிலிருந்து, கூட வேலை செய்யும் மெற்ற என்பவள் டெனிஷ் மொழியில் முணுமுணுத்தாள். "சொந்தச் சப்பாத்தைப் போட்டுப் பார்க்கக்கூட அவருக்கு உரிமையில்லை."

பாலேந்திராவுக்கும் அது கேட்டிருக்கவேண்டும். அவர் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடம் போயிற்று. பதினைந்தும் போயிற்று. வெளியே அந்த அம்மா கைகளைக் கமக்கட்டுக்குள் வைத்தபடி, கால் மாற்றாமல் நின்றார். துவாரகாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்து பாலேந்திராவின் முன்னால் இருந்தாள்.

"அங்கிள், குறை நினைக்காதேங்கோ. போடப்போறது நீங்கள். எது பிடிச்சிருக்கெண்டு என்னட்டைச் சொல்லுங்கோ. மற்ற சோடியெல்லாம் வித்து முடிஞ்சுபோச்செண்டு அன்ரியிட்டை நான் சொல்லுறன்."

"எனக்கு எல்லாம் ஒண்டுதான், பிள்ளை."

"அப்பிடி எப்பிடி? நாலு மணித்தியாலம் குளிரப்போறது உங்களுக்கெல்லோ."

"குளிராது," என்றார் அவர். "அதுதான் பிரச்சினை."

துவாரகா அவரைப் பார்த்தாள்.

"சீனி வருத்தம். கணுக்காலுக்குக் கீழ ஒண்டும் தெரியாது. ரெண்டு வருசத்துக்கு முன்னம் சப்பாத்துக்குள்ள ஒரு கல்லு. அதோட ஒரு நாள் முழுக்க வேலை செய்திருக்கிறன். வீட்டை வந்து கழட்டேக்கை அவள்தான் கண்டவள், சொக்ஸ் முழுக்க ரத்தம். ஒரு விரலை எடுத்துப்போட்டாங்கள். இனிக் குளிரில விறைச்சாலும் எனக்குத் தெரியாது. அடுத்தமுறை விரலோட போகாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். தூண்டிலைத் தூக்கி ஆருக்கும் குடுப்பமெண்டுதான் நான் இருந்தன். அவள்தான் கேக்கேல்லை. காலையில கையோட கூட்டிக்கொண்டு வந்திட்டாள்."

கதவு திறந்தது. சரோஜினிதேவியின் மூக்கு சிவந்து, கண்ணில் நீர் முட்டியிருந்தது.

"இருபது நிமிசம் நிண்டிட்டன். விரலெல்லாம் சூடாத்தான் கிடக்கு. தையல் ஒண்டும் குத்தேல்லை. இதை எடுப்பம், பிள்ளை. இன்னும் ரெண்டு சோடி கம்பளி சொக்ஸும் வேணும், எங்க கிடக்கு?"

துவாரகா கையைக் காட்டினாள். அவர் அந்தத் தட்டைப் பார்த்து நடந்தார்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே, அங்கிள்," என்றாள் துவாரகா, குரலைத் தாழ்த்தி. "நான் அன்ரியைப் பிழையா..."

"வெளியில சொல்ல எனக்கு வெக்கம். ஹென்னிங் கூப்பிடேக்கை என்ன சாட்டுச் சொல்லுறதெண்டு தெரியாமல் முழிச்சனான்." பாலேந்திரா குனிந்து தன் பழைய சப்பாத்தை எடுத்தார். "'மனிசி விடுறாளில்லையெண்டு சொல்லுங்கோ, எல்லாரும் உடனை நம்புவினம்' எண்டு அவள்தான் சொல்லித்தந்தவள்."