அவங்கட கோலில் எங்கட பெடியன்

"அடப்பாவி! அது எங்கட தவராசா எல்லோ? அவங்கட கோலுக்குள்ள நிக்கிறான்!"

சிவலிங்கத்தின் கையிலிருந்த தேத்தண்ணி பாதி சப்பாத்தில் சிந்தியது.

பாபகூரா மைதானம். நியூசிலாந்து ஓக்லாந்துத் தமிழரின் 1996ஆம் ஆண்டு உதைபந்தாட்ட இறுதிப்போட்டி. ஒரு பக்கம் மலேசியத் தமிழர். மறுபக்கம் யாழ்ப்பாணத்துச் சென் அல்பன்ஸ் கல்லூரிப் பழைய மாணவர். அவர்களுக்குச் சங்கத்திலும் மைதானத்திலும் தலைவர் கிளமென்ட்.

சிவலிங்கம் சிவஞானக் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத் தலைவர். ஊரிலேயே இரண்டு கல்லூரியும் கீரியும் பாம்பும். பிளேன் ஏறி வந்தும் அது மாறவில்லை. காலையில்தான் அரையிறுதியில் சிவஞானத்தை இரண்டுக்கு ஒன்று என்று வென்றிருந்தது அல்பன்ஸ்.

தவராசா அசல் சிவஞானத்தான். விரி என்ற தொழிற்பேட்டையில் சிவலிங்கத்தோடு ஒரே வேர்ஹவுஸில் வேலை, ஒரே மேசையில் சாப்பாடு. "காலமை ஷிப்ட் அண்ணை, எங்கட மட்சுக்கு வரேலாது" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னவன், பின்னேரம் அல்பன்ஸின் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறான்!

கிளமென்டுக்கு என்னதான் இல்லை? எல்லர்ஸ்லியில் ஆபீஸ் வேலை, வாசலில் புதுக் கார், நாலு வருசமாகக் கைவிட்டுப் போகாத கப். இப்போது எங்கட பெடியனும். சிவலிங்கத்துக்குப் பொறாமைதான். இதில் ஒளிக்க என்ன இருக்கு?

பக்கத்தில் மனைவி நிர்மலாதேவி எழும்பி நின்று கத்தினாள்.

"அடியுங்கோ அல்பன்ஸ்! விடாதேங்கோ!"

"உமக்கென்ன விசரே? ஆருக்குக் கத்துறீர்?"

"காலமை எங்களோட விளையாடேக்க அவை எதிரி. இப்ப மலேசியாக்காரரோட விளையாடேக்க அவை எங்கட ஊர்ப் பள்ளிக்கூடம். அங்க பாருங்கோ, எல்லாரும்தான் கத்துகினம். நீங்கள் மட்டும் ஏனப்பா மூஞ்சியைத் தூக்கி வைச்சிருக்கிறியள்?"

"கிளமென்ட் தோக்கோணும். எனக்கு அது காணும்."

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் மலேசியாக்காரர் அடித்த பந்தைத் தவராசா பாய்ந்து விழுந்து பிடித்தான். கிளமென்ட் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்தான்.

அவ்வளவுதான். விசில் ஊதியதும் சிவலிங்கம் விறுவிறென்று போட்டிச் செயலாளர் குணரத்தினத்தின் கூடாரத்துக்குள் போனார்.

"முறைப்பாடு செய்யப்போறன். தவராசா அல்பன்ஸ் இல்லை, சிவஞானம். கல்லூரி டீமில அந்தந்தக் கல்லூரிப் பழைய மாணவர்தான் விளையாடலாம் எண்டு சட்டம் எழுதினது நீங்கள்தானே?"

குணரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார்.

"யோசிச்சுத்தான் கதைக்கிறீரோ சிவலிங்கம்? கப் மலேசியாக்காரருக்குப் போயிடும். தவராசாவும் மூண்டு வருசத்துக்கு ஒரு டீமிலயும் விளையாடேலாது."

"போகட்டும்! கிளமென்டின்ர வண்டவாளம் ஊருக்குத் தெரியோணும்."

"சரி, எழுத்தில தாரும். ஆனா முறைப்பாடு தாற அணியின்ர ஆக்களைத்தான் முதல்ல சோதிப்பம். அதுவும் சட்டம்தான்."

"தாராளமாச் சோதியுங்கோ! எங்கட பதினொரு பேரும் தனிச் சிவஞானம். காலமை எங்கட ஒரே கோலை அடிச்ச பெடியனைப் பார்த்தனீங்கள்தானே? அது ரத்தத்தில ஊறினது. அல்பன்ஸ்காரனுக்கு வருமே அந்த அடி?"

அவர் பேனையை எடுக்கவும், திருமாறன் மூச்சிரைக்க ஓடி வரவும் சரியாக இருந்தது. ஆள் தேடிப் பிடித்துச் சிவஞானம் அணியைச் சேர்க்கிற காப்டன் அவன்தான்.

"அண்ணை, பேனையை வையுங்கோ. ஒருக்கா வெளியில வாங்கோ."

"என்னடா?"

திருமாறன் அவரை வேலியோரம் இழுத்துக்கொண்டு போனான்.

"எங்களிட்ட எட்டுப் பேர்தான் அண்ணை இருந்தவை. மிச்ச மூண்டும் அல்பன்ஸ் பெடியள். போன கிழமை கிளமென்ட் அண்ணைதான் தந்தவர்."

"என்ன கதை கதைக்கிறாய்? அப்ப அந்தக் கோல் அடிச்சவன்?"

"அவனும்தான்."

"அப்ப தவராசா?"

"காலமை அவையின்ர கோல்கீப்பருக்குக் கை பிசகிப்போச்சு. மாத்த ஆள் இல்லை. எங்களுக்குத் தந்த மூண்டு பேரும் எங்கட பக்கம் விளையாடினபடியா, திரும்பி அங்க இறங்கேலாது. பார்த்துக்கொண்டிருக்க மனம் கேக்கேல்லை அண்ணை. ஷிப்ட் முடிஞ்சு வந்த தவராசாவை நான்தான் அனுப்பினனான்."

மைதானத்தில் இரண்டாம் பாதிக்கு விசில் ஊதினார்கள். சிவலிங்கம் திருமாறன் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஏன்ரா ஒருத்தரும் சொல்லேல்லை?"

"கிளமென்ட் அண்ணைதான் சொல்லவேண்டாம் எண்டவர். 'சிவலிங்கத்துக்குத் தெரிஞ்சா ரோசத்தில டீமையே இறக்கமாட்டான். பிறகு சிவஞானம் வராத போட்டியில கப் வெண்டு நான் ஆருக்குக் காட்டுறது?' எண்டு கேட்டவர்."